மழை இரவுக்கு ஒரு காவல் முறை: மண்சரிவைப் பார்த்தவர்களுக்கு

தகரத்தில் முதல் துளி விழுந்ததுமே எழுந்து உட்கார்ந்துவிடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். மண்சரிவைக் கண்ணால் பார்த்தவர்கள், அதில் ஆளைப் பறிகொடுத்தவர்கள், பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து பள்ளிக்கூட மண்டபத்தில் மாதக்கணக்கில் படுத்தவர்கள் இலங்கை மலையகத்தில் ஏராளம். மழை விட்ட பிறகும் அவர்களுடைய உடம்பு விடுவதில்லை. லொறி மேடேறும் சத்தத்துக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். பஸ்ஸில் ஏறியதும் கண் இறங்கும் வழியைத் தேடும். பிள்ளை பின்னால் வந்து தோளைத் தொட்டால் கை ஓங்கிவிடும். வைத்தியர்கள் இதை அதீத விழிப்பு என்கிறார்கள். எங்கள் வீட்டில், "அப்பா காது குடுத்துக்கிட்டு இருக்காரு" என்பார்கள்.

எனக்கு இது வந்தது எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, மேலே இருந்த மலை இறங்கிய பிறகு. அந்தக் கதையை இங்கே சொல்லப் போவதில்லை. தெரிந்தவர்களுக்குத் தெரியும்; தெரியாதவர்களுக்கு இந்த வேலைக்கு அது தேவைப்படாது.

"இனி ஒன்றும் ஆகாது, பயப்படாதீங்க" என்று ஆறுதல் சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் மலைச்சரிவில் குடியிருப்பவனிடம் அப்படிச் சொல்ல யாராலும் முடியாது. 2014 அக்டோபர் 29ஆம் தேதி காலையில், தீபாவளி முடிந்து ஒரு வாரத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அங்கே ஆபத்து இருக்கிறது என்று பல வருடங்களுக்கு முன்பே எச்சரித்திருந்தார்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தில் எத்தனையோ இடங்களில் மண் சரிந்தது. இவ்வளவையும் பார்த்த உடம்பிடம் 'காவலை விடு' என்றால் அது கேட்காது, கேட்கவும் கூடாது. காவலை எப்போது போடுவது, எப்போது இறக்குவது, யார் கையில் கொடுப்பது என்பதைத்தான் அதற்குப் பழக்க வேண்டும்.

நான் தேயிலை ஸ்டோரில் இரவு வாட்ச்சராக இருந்தவன். அந்த வேலையில் காவலுக்கு நேரம் உண்டு. எந்தக் கதவு, எந்த ஜன்னல் என்று சுற்று உண்டு. விடிந்ததும் சாவியையும் புத்தகத்தையும் அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டு வந்து போர்வையை இழுத்துக்கொண்டு படுக்கலாம். மண் சரிந்த பிறகு என் உடம்பு தானாகப் போட்டுக்கொண்ட காவலில் இந்த மூன்றுமே இல்லை. நேரம் இல்லை, சுற்று இல்லை, மாற்ற ஆளும் இல்லை. கீழே உள்ளதெல்லாம் இந்த மூன்றையும் திரும்பக் கொண்டுவருகிற வழிதான்.

அதற்கு முன் ஒரு விஷயம். இது பைத்தியமும் இல்லை, பேயும் பிடிக்கவில்லை. மூளைக்குள் அமிக்டலா என்று ஒரு சிறு பகுதி இருக்கிறது. ஆபத்து என்று அதற்குப் பட்டால், நாம் யோசித்து முடிப்பதற்குள் அட்ரினலினை இறக்கி, நெஞ்சை அடிக்க வைத்து, கால்களை ஓடுவதற்குத் தயார் செய்துவிடும். ஒரு முறை பெரிய அடி வாங்கிய பிறகு அது சின்னச் சத்தத்துக்கும் அதே வேலையைச் செய்யும். சம்பவம் நடந்த முதல் சில வாரங்களில் இது பெரும்பாலும் எல்லோருக்கும் வரும், பலருக்குத் தானாகவே குறையும். எனக்குத் தகடு கட்டச் சொன்னார்கள், கட்டிக்கொண்டேன். அம்மாவுக்கு அதில் நிம்மதி. எனக்கு அதற்குப் பிறகும் தூக்கம் வரவில்லை.

மழையைக் காதால் அளக்காதீர்கள்

தகரக் கூரைக்குக் கீழே எல்லா மழையும் பெருமழைதான். பத்து மில்லிமீட்டர் பெய்தாலும் உலகமே இடிகிற மாதிரி கேட்கும். அந்தச் சத்தத்தை வைத்து முடிவெடுத்தால் ஐப்பசி, கார்த்திகை முழுக்க உட்கார்ந்தே இருக்க வேண்டியதுதான். அதனால் மழையை அளக்க ஒரு போத்தல் செய்து வையுங்கள்.

பக்கங்கள் நேராக இருக்கிற பெரிய பிளாஸ்டிக் போத்தல் வேண்டும். நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருப்பது உதவாது, கணக்குத் தப்பும். மேல் பகுதி வளையத் தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே சுற்றி வெட்டுங்கள். வெட்டிய தலையின் மூடியைக் கழற்றிவிட்டு, கவிழ்த்து, புனல் மாதிரி உள்ளே செருகுங்கள். அடிப்பக்கம் குழியும் மேடுமாக இருக்கும் என்பதால் சின்னக் கற்களைப் போட்டு, போத்தல் நேராகும் இடம் வரை தண்ணீர் விடுங்கள். அந்தத் தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு. அதுதான் பூச்சியம். அங்கிருந்து மேலே பிள்ளைகளின் அடிமட்டத்தை டேப்பால் ஒட்டிவிடுங்கள், மில்லிமீட்டர் பக்கம் வெளியே தெரிய. கூரைக்கும் மரத்துக்கும் தள்ளி, வெட்டவெளியில், நாய் தட்டிவிடாதபடி மண்ணில் பாதி புதைத்தோ கம்பத்தில் கட்டியோ வையுங்கள். தினமும் ஒரே நேரத்தில் பார்த்து, எழுதி, பூச்சியக் கோடு வரை மட்டும் தண்ணீரை விட்டுவிட்டு மற்றதை ஊற்றிவிடுங்கள். நான் காலை ஆறு மணிக்குப் பார்க்கிறேன்.

இப்போது எண்கள். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்கு வைத்திருக்கும் அளவு இது: 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீட்டரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் கிளம்பத் தயாராக இருக்க வேண்டும், 150ஐத் தாண்டினாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலோ வெளியேறிவிட வேண்டும். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று அவர்கள் வெளியிடுவதும் இந்தப் படிகள்தான். இந்த எண்களைக் கதவுக்குப் பின்னால் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்.

நாள்கணக்கில் பெய்து மண் ஊறிப்போயிருந்தால் குறைந்த மழைக்கும் மலை இறங்கலாம். ஆகவே போத்தலோடு ஒரு பகல் சுற்றும் வேண்டும். மழை நாளில் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டைச் சுற்றி ஒரு முறை நடந்து பாருங்கள். தரையிலோ சுவரிலோ புது வெடிப்பு, சாய்ந்த மரம் அல்லது லைட் கம்பம், திடீரென்று இறுகிப்போன கதவு, தெளிவாக வந்துகொண்டிருந்த பீலித் தண்ணீர் கலங்குவது அல்லது நின்றுபோவது, இல்லாத இடத்தில் புது ஊற்று. இதில் ஒன்றைப் பார்த்தாலும் போத்தல் என்ன சொன்னாலும் சரி, வீட்டில் தங்காதீர்கள். மேலேயிருந்து இரைச்சல் கேட்டாலும் அப்படித்தான். கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு எடுங்கள்.

ஒன்றும் இல்லை, அளவும் 75க்குக் கீழே என்றால், அன்றைய இரவுக்கு மலையைப் பற்றிய முடிவு எடுத்தாகிவிட்டது. எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போடுங்கள். சிரிக்காதீர்கள். இரவு இரண்டு மணிக்குப் பயம் வந்து வாதாடும்போது, பகலில் தெளிந்த கண்ணோடு நீங்களே போட்ட கையெழுத்துக்கு ஒரு மதிப்பு இருக்கும்.

இரவில் எத்தனை தடவை எழுவது

ஆபத்தான இரவில் எத்தனை தடவையும் எழலாம். நான் சொல்வது அந்தக் கையெழுத்துப் போட்ட இரவுகளைப் பற்றி.

தூங்கப் போகும் முன் ஒரு சுற்று: டார்ச் லைட், செருப்பு, கதவுத் தாழ்ப்பாள், பிள்ளைகள் படுத்திருக்கும் இடம். அதோடு முடிந்தது. அப்புறம் எழுந்து பார்க்க வேண்டும் என்று உடம்பு கேட்கும். ஒவ்வொரு தடவை எழுந்து பார்த்து 'ஒன்றுமில்லை' என்று படுக்கும்போதும், பார்த்ததால்தான் தப்பித்தோம் என்று உடம்பு கணக்கு வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை இன்னும் சீக்கிரம் எழுப்பும். அதனால் ஒரேயடியாக நிறுத்த முயலாமல் தள்ளிப்போடுங்கள். "பார்க்கலாம், பத்து நிமிஷம் கழித்து." பத்து நிமிஷம் கழித்தும் கேட்டால் எழுந்து பாருங்கள், குற்றமில்லை. சில வாரங்களில் பத்தை இருபதாக்கலாம். அந்த இடைவெளிக்குள் தூங்கிப்போகிற இரவும் வரும்.

அவசரப் பை எல்லோருக்கும் தெரிந்ததுதான்: அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், மருந்து, மாற்றுடுப்பு. அதைக் கட்டி வாசல் பக்கம் வையுங்கள். எங்களைப் போன்றவர்களுக்கு இன்னொரு விதி தேவை: கட்டிய பையைத் திறக்கக் கூடாது. சான்றிதழ் இருக்கிறதா என்று இரவு இரவாகப் பிரித்துப் பார்த்தவர்களை எனக்குத் தெரியும். மாதம் பிறந்தால் ஒரு தடவை, பகலில், வீட்டில் இன்னொருவர் இருக்கும்போது திறந்து பாருங்கள். மற்றபடி முடிச்சு முடிச்சாகவே இருக்கட்டும். செருப்போடு படுப்பவர்கள் அதைக் கழற்றிக் கட்டிலுக்குப் பக்கத்தில், மூக்கு வாசலைப் பார்க்க வைத்தால் போதும்.

ஆள் மாற்றுவது

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள்.

எச்சரிக்கை வந்த இரவில் லயத்தில் எல்லோரும் தனித்தனியாக விழித்திருப்பார்கள். பத்துக் காம்பராவில் பத்துப் பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல். காலையில் பத்துப் பேரும் அந்தக் கண்ணோடு கொழுந்துக்குப் போவார்கள். அதற்குப் பதிலாக முறை போடுங்கள். இரவு ஒன்பதிலிருந்து விடியும் வரை, இரண்டிரண்டு மணித்தியாலம், இரண்டிரண்டு பேராக. குடிக்காத ஆட்களாகப் பார்த்துப் போடுங்கள். கையில் டார்ச், குடை, விசில். எங்கள் பக்கம் விசிலோடு கோயில் மணியையும் சேர்த்துக்கொண்டோம். மணி தொடர்ந்து அடித்தால் எல்லோரும் வெளியே வந்து எங்கே கூடுவது என்பதை முன்கூட்டியே நடந்து பழகியும் வைத்தோம். சிவப்பு எச்சரிக்கை வந்துவிட்டால் முறை காவல் கிடையாது. எல்லோரும் கிளம்ப வேண்டியதுதான்.

முறை முடிந்ததும் அடுத்த ஆளிடம் வாயைத் திறந்து சொல்லிவிட்டுப் போங்கள். நான் ராமையா அண்ணனிடம் டார்ச்சைக் கொடுத்து, "அண்ணே, மழை தூறல்தான், கான் தண்ணி தெளிவா ஓடுது, இனி உங்க பொறுப்பு" என்பேன். அவர், "சரி தம்பி, நீ போய்ப் படு" என்பார். இந்த இரண்டு வரியை வெறும் மரியாதைப் பேச்சு என்று நினைக்காதீர்கள். ஆஸ்பத்திரி மாத்திரை செய்யாத வேலையை இது எனக்குச் செய்தது. படுத்ததும் தூக்கம் வராவிட்டாலும் பரவாயில்லை, கண்ணை மூடிப் படுத்தே இருங்கள். காது மேலே போகும்போது 'இப்போது அண்ணன் பார்க்கிறார்' என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

தனி வீட்டில் இருப்பவர்களும் கணவன் மனைவிக்குள், அண்ணன் தம்பிக்குள் இதைச் செய்யலாம். புருஷன் மட்டும் விழிக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

பகலில் வரும் திடுக்கிடல்

சத்தம் கேட்டு உடம்பு தூக்கிப்போட்டால் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "லொறி." "தகரம்." "பட்டாசு." வாய்விட்டுச் சொல்வது நல்லது. எங்கள் வீட்டில் இது தானாக வந்த பழக்கம். ஒரு நாள் சாயங்காலம் மகள் கழுவிக்கொண்டிருந்த எவர்சில்வர் தட்டு கை நழுவி சீமெந்துத் தரையில் விழுந்தது. விழுந்து, விளிம்பிலேயே சுற்றிச் சுற்றி, சத்தம் வேகமாகிக்கொண்டே போய் நின்றது. அதற்குள் நான் பேரனைத் தூக்கிக்கொண்டு இஸ்தோப்பை, வாசல் திண்ணையை, தாண்டியிருந்தேன். மகள் ஓடி வரவும் இல்லை, அழவும் இல்லை. அடுப்படியிலிருந்தே, "அப்பா, தட்டு" என்றாள். அவ்வளவுதான். அன்றிலிருந்து வீட்டில் எது விழுந்தாலும் விழுத்தியவர் அதன் பெயரைச் சொல்லிவிடுவார். "மூடி." "தடி." பேரன் வேண்டுமென்றே எதையாவது போட்டுவிட்டு "யானை" என்பான்.

நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தால் மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்குங்கள். நான்கு எண்ணி இழுத்து, ஆறு அல்லது எட்டு எண்ணி விடுவது. நீண்ட வெளிமூச்சு நெஞ்சடிப்பைத் தணிக்கும். வெறுங்காலைக் குளிர்ந்த தரையில் பதித்து, இப்போது கண்ணுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று ஐந்து பொருளை எண்ணிச் சொல்வதும் உதவும். எங்கள் புது வீட்டில் நான் எண்ணுவது நாட்காட்டியிலிருந்து தொடங்கும், அதில் வருடம் எழுதியிருக்கிறது என்பதால்.

மழைச் சத்தத்தோடு பகலில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழகலாம். பலத்த எச்சரிக்கை எதுவும் இல்லாத நாளில், வீட்டில் ஆள் இருக்கும்போது, கைக்கு ஒரு வேலையை வைத்துக்கொண்டு தகரத்துக்குக் கீழே உட்காருங்கள். நானும் மனைவியும் போஞ்சி நறுக்குவோம். முதலில் ஐந்து நிமிஷம் போதும். நெஞ்சடிப்பு ஏறி, பிறகு தானாக இறங்குவதைக் கவனித்துவிட்டு எழுந்திருங்கள். அந்த நாளே கண் முன்னால் ஓடுகிறது, எங்கே இருக்கிறோம் என்பதே தெரியவில்லை என்றால் இதைத் தனியாகச் செய்யாதீர்கள். மனநல ஆற்றுப்படுத்துனர் ஒருவரோடு செய்ய வேண்டிய வேலை அது.

தீபாவளி நம் ஊரில் மழைக்காலத்திலேயே வருகிறது. வெடியும் இடியும் சேர்ந்து வரும். வெடி கொளுத்தும் பிள்ளைகளிடம் முன்கூட்டியே நேரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நேரம் தெரிந்த சத்தம் பாதிச் சத்தம்தான். ஹட்டன், மஸ்கெலியா பக்கம் பெருமழை வைகாசியிலிருந்து ஆவணி வரை அடிக்கும், பதுளைப் பக்கம் ஐப்பசியிலிருந்து தை வரை. உங்கள் பக்கத்து மழைக்காலம் நெருங்கும்போது, முதல் மழைக்கு முன்பே எரிச்சலும் தூக்கக்கேடும் திரும்பலாம். சம்பவம் நடந்த தேதி வரும்போதும் அப்படித்தான். அந்த வாரத்தில் கடன் பேச்சு, சம்பந்தப் பேச்சு எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

கூட இருப்பவர்களுக்கு

தூங்குகிறவரைத் தொட்டு எழுப்பாதீர்கள். கால்மாட்டில் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். பின்னால் வரும்போது கொஞ்சம் சத்தம் காட்டி வாருங்கள். "இன்னுமா அதையே நெனச்சுக்கிட்டு இருக்கீங்க" என்று கேட்காதீர்கள், அவர் நினைப்பதில்லை, உடம்புதான் நினைக்கிறது. கோபம் அடிக்கடி வந்தால் அதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஆனால் அடிப்பதற்கு இது காரணமாகாது. கை ஓங்குகிற நிலை வந்தால் வீட்டை விட்டு வெளியே நடந்துவிட வேண்டியது அவர் பொறுப்பு.

சின்னப் பிள்ளைகள் மண்சரிவு விளையாட்டே திரும்பத் திரும்ப விளையாடும், நின்றுபோன படுக்கை நனைப்பு திரும்பும், அம்மாவின் சேலையை விடாது. திட்டாமல் பக்கத்தில் படுக்க வைத்துக்கொள்ளுங்கள்.

இது மண்சரிவுக்கு மட்டும் உரியதும் அல்ல. 1983 ஜூலையில் பதுளையிலும் நுவரெலியாவிலும் கடைகள் எரிந்த நாட்களைப் பார்த்த என் அப்பா, கடைசி வரை எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலைப் பார்த்துத்தான் உட்காருவார். நாங்கள் அதை அவருடைய குணம் என்று நினைத்திருந்தோம்.

தேத்தண்ணியும் கசிப்பும் போனும்

தேயிலை மலையில் இருந்துகொண்டு தேத்தண்ணியைக் குறை என்றால் யார் கேட்பார்கள்? ஆனாலும், குடித்த தேநீரின் கஃபீன் உடம்பில் பாதியாகக் குறையவே ஐந்து மணித்தியாலம் போல் ஆகிறது. மாலை நான்கு மணிச் சாயத்தோடு நிறுத்திவிட்டு, இரவில் கொத்தமல்லித் தண்ணீர் குடியுங்கள். சாராயம், கசிப்பு எதுவானாலும் தூங்க வைப்பது போல வைத்து நடுச்சாமத்தில் எழுப்பிவிடும், மறுநாள் படபடப்பும் கூடும். மழை இரவில் வாட்ஸ்அப்பில் வரும் மண்சரிவு வீடியோக்கள் பாதி பழையவை, பாதி வேறு நாட்டினுடையவை. எச்சரிக்கை பார்க்கும் வேலையை வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டு மற்றவர்கள் போனைத் தள்ளி வையுங்கள்.

எப்போது வைத்தியரிடம் போவது

ஒரு மாதத்துக்கு மேல் இப்படியே நீடித்து, வேலைக்குப் போக முடியவில்லை, வீட்டில் சண்டை, குடி கூடிவிட்டது என்றால் தாமதிக்க வேண்டாம். செத்துப் போகலாம் என்ற நினைப்பு வந்தால் அன்றைக்கே ஆளோடு பேசுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற எண்ணுக்கு எந்நேரமும் எடுக்கலாம். பெரிய அரச வைத்தியசாலைகளில் உளநலப் பிரிவு இருக்கிறது. இந்தத் தொல்லைக்கென்றே பேச்சு வழி சிகிச்சைகள் உண்டு, நடந்ததைப் பாதுகாப்பாகத் திரும்பத் தொட்டு உடம்பைப் பழக்குகிற முறைகள். தூக்க மாத்திரை கொடுத்தால் எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள். சில வகைகளை நீண்ட நாள் எடுத்தால் விடுவது கஷ்டம். எடுத்துக்கொண்டிருப்பவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் திடீரென்று நிறுத்தவும் கூடாது.

நான் முதலில் போன இடத்தில் எல்லாம் சிங்களத்தில் நடந்தது. 'நித்திரை இல்லை' என்பதைத் தாண்டி எதையும் சொல்ல முடியவில்லை, மாத்திரைச் சீட்டோடு வெளியே வந்தேன். அதனால் உள்ளே போனதும் முதல் வேலையாக, தமிழ் பேசுகிற உத்தியோகத்தர் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் எந்த நாளில் வருவார் என்று கேட்டு அந்த நாளில் போங்கள். பெற்ற பிள்ளையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள், பிள்ளை முன்னால் பாதியை நீங்கள் சொல்ல மாட்டீர்கள். மழை அளவு எழுதும் புத்தகத்திலேயே பக்கத்தில் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை தடவை எழுந்தீர்கள் என்று இரண்டு வாரம் குறித்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். மழையே இல்லாத இரவிலும் எழுந்திருக்கிறீர்கள் என்பதை வைத்தியர் ஒரே பார்வையில் கண்டுகொள்வார். கிளினிக் நாளில் காலை ஆறரைக்குள் போய் நம்பர் எடுத்துவிடுங்கள், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள், கூட்டத்தில் முதுகுக்குச் சுவர் கிடைக்கிற பெஞ்சாகப் பார்த்து உட்காருங்கள்.